இரண்டாவதாக நின்ற பெயர்

டொக்டரின் பதவியுயர்வு விண்ணப்பம் இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டபோது, அதை அவருக்கு அறிவிக்கும் கடிதத்தைத் தயாரித்தவள் நான்தான். பல்கலைக்கழகத் தாபனப் பிரிவில் அப்போது உதவிப் பதிவாளராக இருந்தேன். நிராகரிப்புக் கடிதத்துக்கு எங்களிடம் ஒரு வார்ப்பு இருந்தது. 'தங்கள் விண்ணப்பம் மிகுந்த கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது' என்று தொடங்கி 'வருந்துகிறோம்' என்று முடியும். நடுவில் இரண்டு வரி வெறுமையாக இருக்கும். காரணத்தை அங்கே நிரப்பவேண்டும். எவ்வளவு கவனமாகப் பரிசீலித்திருந்தாலும் காரணம் இரண்டு வரியைத் தாண்டக்கூடாது.

அந்த முறை ஒரு வரியே போதுமாக இருந்தது. 'ஆய்வின் தாக்கம் போதியளவு நிறுவப்படவில்லை.'

நான் அந்த வரியைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் அதே டொக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனேன். அவர் வீடு பாமன்கடைப் பக்கம், என்னுடையது கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில். கடிதம் மறுநாள் காலையில்தான் அனுப்பப்படும். அனுப்பப்படாத கடிதத்தைப் பற்றிக் கதைப்பது ஒழுங்கல்ல. ஆகவே மீன் விலையைப் பற்றிக் கதைத்தோம்.

சனிக்கிழமை அவர் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கந்தோரில் நான் அவரை டொக்டர் என்பேன். வீட்டில் 'நீர்' தான்.

"அக்கா, தாக்கம் எண்டா என்ன? எதை நிறுவ வேணும்?"

"உம்முடைய கட்டுரையை உலகத்தில வேற ஆக்கள் எத்தனை பேர் தங்கட கட்டுரையில குறிப்பிட்டவை எண்டு காட்டவேணும்."

"ஒருத்தரும் குறிப்பிடாட்டி?"

"குறிப்பிடாட்டி, நீர் எழுதி உம்முடைய அலுமாரிக்குள்ள வைச்சதும் ஒண்டு, பதிப்பிச்சதும் ஒண்டு."

"ஹாபரில மூட்டை தூக்கிற ஆக்கள் எத்தினை பேற்ற வாயில புற்றை நேரத்துக்குக் கண்டுபிடிச்சு வெட்டியிருக்கிறம். அந்த ஆக்கள் உயிரோட திரியினம். அதுக்கு?"

"அதுக்குப் புள்ளி இல்லை. சுற்றுநிருபத்தைத் திரும்பவும் பாத்தனான். உயிரோட திரியிற ஆக்களைப் பற்றி ஒண்டுமே இல்லை."

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, தன் கணவர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் படிவங்களை எல்லாம் நிரப்பி முடித்துவிட்டார் என்றார். கணவர் பொறியியலாளர். அவர் சொன்னது ஒரே வசனம்: அடுத்த முறையும் இல்லையென்றால் போகிறோம். அதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. யுத்தம் நடந்த அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் வாரத்துக்கு ஒரு வீடு பூட்டுப்பட்டது. வெளிநாட்டுக்குப் போனவர்களின் கதிரை மேசைகளை வாங்கியே ஒருவர் கடை திறந்துவிட்டார்.

டொக்டர் போனால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கோவையும் என் மேசையில்தான் இருந்தது. அவருடைய ஆய்வுப் பிரிவுக்குத் தலைவர் பதவி வெற்றிடமாக இருந்தது. இணைப் பேராசிரியர் தரத்துக்குக் குறைந்தவர் அதில் இருக்க முடியாது. இருக்கக்கூடியவர் இல்லாவிட்டால் பிரிவை இன்னொரு துறையோடு சேர்த்துவிடுவதாகத் தீர்மானம். சேர்ப்பது என்றால் மூடுவது. மூடுவது என்று எழுதினால் செனட் என்கிற மூதவையின் அனுமதி வேண்டும், சேர்ப்பது என்று எழுதினால் வேண்டியதில்லை. மூன்றாம் முறையும் நிராகரிக்கப்பட்டவர் ஐந்து வருஷத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது என்பதும் விதி. அந்த விதியை ஆங்கிலத்தில் எழுதியதே நான்தான். நல்ல விதி. மூன்று பக்கக் குழப்பத்தை நான்கு வரிக்குள் அடக்கியிருந்தேன்.

அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களின் கன்னத்தின் உட்புறத்தில் சிலவேளை வெள்ளைப் படலம் ஒன்று வரும். அதிகமானவர்களுக்கு அது சும்மா கிடக்கும். சிலருக்குப் புற்றுநோயாக மாறும். எது மாறும், எது மாறாது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. அதற்காகத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆட்களைப் பல வருஷமாகத் தொடர்ந்து பார்த்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கொட்டாஞ்சேனைக்குக் கீழே உள்ள ஒரு சிறிய கிளினிக்கில் உட்கார்ந்து, டோர்ச் அடித்து, வாய்களுக்குள் பார்ப்பார். தேவைப்பட்டால் துளியளவு வெட்டி மருந்துப் போத்தலில் போட்டுக்கொண்டு வருவார்.

துறைமுகப் பக்கம் சோதனைச் சாவடிகள் கூடின காலத்தில், தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையும் என்ன என்று தெரியாத திரவத்தில் மிதக்கும் போத்தல்களும் ஒரே கைப்பையில் இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஒரு முறை ஒரு சிப்பாய் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "மே மொக்கத?", இது என்ன என்று கேட்டானாம். இவர் சிங்களத்தில் விளக்கினார். வாயில் இருந்து வெட்டியது, வெற்றிலையால் வந்தது, இப்படித் தொடங்கி இப்படி முடியும் என்று. அவன் மென்றுகொண்டிருந்ததை மெல்லத் துப்பிவிட்டு, பக்கத்துக் குழாயில் வாயைக் கொப்பளித்து, போத்தலைத் திருப்பிக் கொடுத்து, வாயைத் திறந்து காட்டினான். இவர் டோர்ச் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிடு என்றார். அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். இதையும் விண்ணப்பத்தில் எழுதலாமா என்று கேட்டார். 'சமூகப் பணி' என்ற தலைப்பின் கீழ் எழுதலாம், அரைப் புள்ளி கிடைக்கும், ஆனால் பாதுகாப்பு அமைச்சின் அத்தாட்சி கேட்பார்கள் என்றேன்.

ஆக, தாக்கத்தை நிறுவுவதுதான் வழி. இப்போது அதற்குக் கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதுமாம். அன்றைக்கு அமெரிக்காவில் அச்சடித்த மேற்கோள் சுட்டி என்று ஒன்று வரும். செங்கல்லை விடத் தடித்த தொகுதிகள், வேதப் புத்தகத்தின் தாளை விட மெல்லிய தாள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஒருவருடைய பெயரின் கீழ் அவருடைய கட்டுரைகள் இருக்கும். ஒவ்வொரு கட்டுரையின் கீழும், அதை மேற்கோள் காட்டியவர்கள் எங்கே, எந்த இதழில், எந்தப் பக்கத்தில் காட்டினார்கள் என்று இருக்கும். வருஷத்துக்கு வருஷம் புதுத் தொகுதிகள். கொழும்பில் ஒரேயொரு நூலகத்தில் அவை இருந்தன. அதுவும் முழுதாக இல்லை. நாட்டில் பணம் வேறு தேவைக்குப் போன வருஷங்களின் தொகுதிகள் வாங்கப்படவில்லை. அந்த வருஷங்களில் உலகம் எங்கள் ஆட்களைப் பற்றி என்ன சொன்னது என்று எங்களுக்குத் தெரியாது.

"நீர் வியாழக்கிழமையைப் பாரும்," என்றேன். "சனிக்கிழமையை நான் பாக்கிறன்."

நான் ஏன் அதை ஏற்றுக்கொண்டேன் என்று கேட்டால், நீதி நியாயம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். நான் தயாரித்த கடிதம் ஒன்று பிழையாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்த நூலகத்தின் வாசலில் இரண்டு பதிவேடுகள் இருந்தன. ஒன்று வருபவர்கள் எல்லோருக்கும். மற்றது வருபவர்களில் தமிழரான எங்களுக்கு. எனக்கு வேலை மிச்சம், இரண்டாவதில் காவலாளியே எழுதிவிடுவார். பைக்குள் கண்ணாடி, அளவுகோல், சிவப்புப் பேனை, உருப்பெருக்கிக் கண்ணாடி. உருப்பெருக்கியைத்தான் அதிகம் சந்தேகித்தார்கள்.

முதல் சனிக்கிழமை டொக்டரின் பெயரைத் தேடினேன். கிடைத்தது. அவர் பெயரின் கீழ் இருந்த வரிகளை எண்ண ஒரு கையே போதும். அதில் இரண்டு அவரே தன்னைக் குறிப்பிட்டது. எனக்கு அலுத்துப்போனது. பதவியுயர்வுக் குழு சொன்னது சரி போலிருக்கிறது, ஒரு வரி போதும் என்று நினைத்தது சரி போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டொக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு முடியவில்லை என்றேன்.

இரண்டாவது சனிக்கிழமை வேறு வருஷங்களைப் பார்த்தேன். அதே கதைதான். மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. ஜன்னலருகே தொகுதியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தபோது, சும்மா, வேறு ஒன்றும் செய்ய இல்லாததால், பழைய பேராசிரியரின் பெயரைப் பார்த்தேன். டொக்டர் விரிவுரையாளராகச் சேர்ந்த காலத்தில் துறைத் தலைவராக இருந்தவர் அவர். ஓய்வுபெற்றுப் பல வருஷமாகிவிட்டது.

அவர் பெயரின் கீழ் ஒரு நிரல் முழுக்க இருந்தது. அடுத்த நிரலின் பாதிக்கும் போனது. பெருவிரலால் அந்த நிரலைத் தடவிக்கொண்டு கீழே போனேன். எல்லாம் ஒரே கட்டுரைக்கு. துறைமுகத் தொழிலாளர்களின் வெள்ளைப் படலம் பற்றிய கட்டுரை. இந்தியாவில், இங்கிலாந்தில், தாய்வானில், எங்கெங்கோ குறிப்பிட்டிருந்தார்கள்.

அந்தக் கட்டுரை டொக்டருடையது. அவருடைய வெளியீட்டுப் பட்டியலில் அது இருந்தது, ஆனால் அதில் அவருடைய பெயர் இரண்டாவது. சுட்டியைத் தயாரித்தவர்கள் ஒரு கட்டுரையை அதன் முதற்பெயரின் கீழ் மட்டும்தான் பதிவார்கள். இரண்டாவது பெயருக்கு அங்கே இடமில்லை. பதினொரு வருஷமாக உலகம் அவரைக் குறிப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் பெயரைத்தான் குறிப்பிடவில்லை.

மூன்றாவது சனிக்கிழமையும் நான்காவதும் போய் ஒவ்வொரு வரியையும் புல்ஸ்கப் தாளில் பிரதி எடுத்தேன். தொகுதி, பக்கம், நிரல். பேராசிரியர் தன்னைத் தானே குறிப்பிட்ட இடங்களைச் சிவப்பு மையால் வெட்டினேன். பிறகு டொக்டரிடம் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும் அக்கா," என்றார்.

"என்ன தெரியும்?"

"புரொபசர் சேரின்ர பேர்தான் முன்னுக்கு எண்டு. நான் ஆறு வருஷம் ஹாபருக்குப் போய்ப் பாத்து எழுதினது. சேர் மாத்திப்போட்டார். நான் ஒண்டும் கதைக்கேல்லை. எனக்கு அப்ப வேலை நிரந்தரமும் ஆகேல்லை."

"இப்ப கதைப்பம்," என்றேன். "அவர் ஒரு கடிதம் தரவேணும். கட்டுரை உம்முடைய வேலை எண்டு அவரே எழுதித் தந்தால் குழுவுக்கு அதைத் தள்ள ஏலாது."

"தருவாரோ?"

"கேக்காமல் ஒருத்தரும் ஒண்டும் தாறேல்லை. கேட்டும் தாறேல்லை. ஆனா கேட்டதுக்கு ஒரு பிரதி இருக்கும்."

பேராசிரியர் கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர். மனைவி இறந்த பின் கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு மேல்மாடியில் தனியாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரமாகப் பார்த்துப் போனோம். புறக்கோட்டையில் பஸ் மாறினோம், மூன்று இடத்தில் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள்.

"வாங்கம்மா, வாங்க. ஒரு போன் போட்டிருந்தா ஏதாவது வாங்கி வச்சிருப்பேன்."

"போன் எடுத்தனாங்கள் சேர். உங்கட போன் வேலை செய்யேல்லை," என்றார் டொக்டர்.

"அது செத்து மூணு மாசம். நான்தான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கேன். யாரு இது, மிஸ்ஸா? தாபனப் பிரிவு வீட்டுக்கு வந்தா ஒண்ணு பென்ஷனை வெட்ட, இல்ல மலர்வளையம் குடுக்க."

"ரெண்டுக்கும் இன்னும் படிவம் வரேல்லை சேர்," என்றேன்.

இஞ்சிச் சோடா ஊற்றித் தந்தார். அவர் பின்னால் சுவரில் சட்டம் போட்ட ஒரு கடிதம் தொங்கியது. ஐரோப்பாவில் ஒரு மாநாட்டில் முதன்மை உரை நிகழ்த்த அவரை அழைத்த கடிதம். எந்தக் கட்டுரைக்காக அழைத்தார்கள் என்பது அதன் மூன்றாவது வரியில் இருந்தது. நான் தூரத்திலிருந்தே வாசித்துவிட்டேன். டொக்டர் அதைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். புல்ஸ்கப் தாள்களை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். அவ்வளவு பேர் குறிப்பிட்டிருந்ததில் அவருக்குச் சந்தோஷம், அதை மறைக்கவில்லை. பிறகு தாளை வைத்தார்.

"இப்ப நான் என்ன எழுதணும்? இது உன்ட வேலை, நான் சும்மா பேரைப் போட்டுக்கிட்டேன் எண்டா?"

"சும்மா எண்டு எழுதத் தேவையில்லை சேர்," என்றார் டொக்டர்.

"நான் கேட்டேனாம்மா? என் பேரை முன்னுக்குப் போடு எண்டு ஒரு நாளாவது கேட்டேனா? நீதானே மரியாதைக்குப் போட்டாய்."

டொக்டர் கிளாசைக் கீழே வைத்தார். "நான் போடேல்லை. நான் கையால எழுதிக் குடுத்ததில என்ர பேர்தான் முன்னுக்கு. டைப் பண்ணி வரேக்குள்ள உங்கட பேர் முன்னுக்கு நிண்டது. நீங்கள் மாத்தினீங்கள் எண்டு நினைச்சன்."

"நானா? எனக்குக் கையெழுத்துக்கு வந்ததே டைப் பண்ணினதுதான். பார்த்தேன். சந்தோசப்பட்டேன், பொய் சொல்லக்கூடாது, இப்பதான் பூசைக்குப் போயிட்டு வந்தேன். நல்ல பிள்ளை, மரியாதை தெரிஞ்ச பிள்ளை எண்டு நினைச்சேன்."

"பதினொரு வருஷமா உங்களில கோவமா இருந்தனான் சேர்."

"ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நத்தார் கேக் அனுப்பினியே!"

"கோவத்தோடதான் அனுப்பினனான்."

"அதுதான் முந்திரிகை வத்தல் குறைவா இருந்திச்சு," என்றார் அவர். ஆனால் அவருடைய முகமும் சுருங்கியிருந்தது.

நான் சோடாவில் குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் கட்டுரையைத் தட்டச்சு செய்த இடம் எனக்குத் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன்னர் நான் தாபனப் பிரிவுக்கு வரவில்லை. மருத்துவ பீடத்துத் தட்டச்சுப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். அங்கிருந்து போகும் எந்தத் தாளும் என் கண்ணில் படாமல் போகாது. அதுவும் வெளிநாட்டுக்குப் போகும் தாள் என்றால் தட்டச்சுக்கு முன்பே நான் பென்சிலால் திருத்திக் கொடுப்பேன்.

எங்கள் கந்தோர்களில் பல பெயர்கள் ஒன்றாக வந்தால் அவை பதவி வரிசையில் வரும். அழைப்பிதழ், குழுப் பட்டியல், விருந்தில் உட்காரும் ஒழுங்கு, மரண அறிவித்தலில் அனுதாபம் தெரிவிப்போர், எல்லாம் அப்படித்தான். பேராசிரியர், பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர், பிறகு விரிவுரையாளர், கடைசியில் பெயரில்லாமல் 'ஊழியர்கள்'. நிரந்தரமாகாத ஒரு விரிவுரையாளரின் பெயர் துறைத் தலைவருக்கு முன்னால் நின்றால் அது எனக்கு ஒரு கருத்தாகத் தெரியாது. பிழையாகத் தெரியும். பென்சிலை எடுத்து, இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு வளைந்த கோடு போட்டு, இடம் மாற்று என்று குறித்திருப்பேன். அந்தக் கோட்டைப் போட்டது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டால் இல்லை. எத்தனை நூறு கோடு போட்டிருப்பேன். ஆனால் வேறு ஒருவரும் போட்டிருக்க முடியாது. என் பகுதியில் பென்சில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

"சேர்," என்றேன், "மாத்தினது நான்."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் விளக்கினேன். விளக்குவது எனக்குப் பழக்கமானதுதான், ஆனால் அன்றைக்குச் சுற்றுநிருபம் ஒன்றையும் காட்ட முடியவில்லை. அப்படி ஒரு சுற்றுநிருபம் இருக்கவேயில்லை. ஒருவரும் எழுதாத விதியை நான் ஒருவரும் கேட்காமல் நிறைவேற்றியிருந்தேன்.

டொக்டர் மேசையில் கிடந்த புல்ஸ்கப் தாள்களை அடுக்கினார். பிறகு, "அக்கா, நீங்கள் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே," என்றார்.

"ஓம்," என்றேன்.

"அந்த மனுசனில நான் பதினொரு வருஷம் கோவமா இருந்திருக்கிறன்."

"இனி என்னில இரும்."

"இருப்பன்," என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பேராசிரியர் எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்தார். சட்டம் போட்ட கடிதத்துக்கு முன்னால் நின்றார். "இத எழுதினா, இந்த மாநாட்டுக்குக் கூப்பிட்டது யாரை எண்டு ஒரு கேள்வி வரும்," என்றார். சாய்ந்திருந்த சட்டத்தை நேராக்கினார். "வரட்டும். அங்க சாப்பாடும் நல்லாயில்ல." திரும்பி வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க மிஸ். உங்களுக்குத்தான் வசனம் தெரியும். ஆனா ஒண்ணு. முதல் ரெண்டு வருசம் ஸ்லைட் எல்லாம் வாசிச்சது நான். அது நிக்கணும்."

"அது உண்மை சேர்," என்றார் டொக்டர் உடனே. "அதை நான் எப்பவும் சொல்லுவன்."

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். என் வசனத்தில் இரண்டு இடத்தைத் திருத்தினார். திருத்தியது சரிதான்.

ஆனால் கடிதம் போதாது என்பது பஸ்ஸில் வரும்போதே எனக்கு விளங்கியது. ஓய்வுபெற்ற ஒருவர் தன் துறையில் வேலை செய்தவருக்குக் கொடுத்த கடிதத்தைக் குழு எப்படிப் பார்க்கும்? பெருந்தன்மை என்று பாராட்டி, நற்சான்றிதழ்களோடு சேர்த்துக் கட்டிவிடும். வரிசை மாறியதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் என்னிடம் இருந்தது. அதை நான் எழுதி, சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து, கோவையில் சேர்க்கவேண்டும்.

பதிவாளரிடம் போனேன். சிங்களவர், நேர்மையானவர், என்னோடு ஆங்கிலத்தில் கதைப்பார். என் சத்தியக் கடதாசியை இரண்டு முறை வாசித்தார். கதவை மூடச் சொன்னார்.

"இதில் நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியுமா? அதிகாரமில்லாமல் ஒரு ஆவணத்தை மாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"தெரியும்."

"இது விண்ணப்பக் கோவைக்கு மட்டும் போகாது. உங்கள் கோவைக்கும் போகும். அடுத்த வருஷம் உங்களுடைய பதவியுயர்வு."

"அந்தக் கோவையும் என் மேசையில்தான் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் கட்டவேண்டும் என்று தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். "இந்தக் காலத்தில் உங்கள் ஆட்கள் ஒரு தாளில் தேவைக்கு மேல் கையெழுத்துப் போடுவது நல்லதா?"

அவர் பயமுறுத்தச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தேவைக்கு மேலான கையெழுத்துகள் ஏற்கெனவே நிறைய ஆகியிருந்தன. இன்னொன்று போட்டால் கை தேயாது என்றேன்.

டொக்டரின் மூன்றாவது விண்ணப்பம் குழுவுக்குப் போனது. பதவியுயர்வுக் குழுவுக்கு வழக்கமாகச் செயலாளர் நான்தான். சாட்சி சொல்பவள் குறிப்பெடுக்கக்கூடாது. ஆகவே அன்றைக்கு வேறொருவரை உட்காரவைத்துவிட்டு வெளியே கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாங்கில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. எத்தனை பேரை அங்கே காக்கவைத்திருக்கிறேன்! வாங்கின் ஒரு கால் குட்டை, அசைந்தால் சத்தம் போடும். அசையாமல் இருந்தேன்.

டொக்டரை முதலில் கூப்பிட்டார்கள். அரைமணி நேரத்தில் அவர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எண்ணிக்கையை நம்பீட்டினம்," என்றார் மெதுவாக. "ஒராள் நூலகத்துக்கே போய்ப் பாத்தவராம். ஆனா வரிசையைப் பற்றித்தான் நிக்கினம்." பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

குழுவில் வெளியிலிருந்து வந்த ஓர் உறுப்பினர், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர், கேள்வி கேட்டார். கட்டுரையின் பெயர் வரிசையை மாற்ற உங்களுக்கு அதிகாரம் தந்தது யார்?

"ஒருவருமில்லை."

"அப்படியானால் எப்படி மாற்றினீர்கள்? ஒரு தட்டச்சுப் பகுதிப் பொறுப்பாளர் விஞ்ஞானிகளின் பெயரை மாற்றினார் என்றால் யார் நம்புவார்கள்?"

"உங்கள் முன்னால் இருக்கும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள் சேர்," என்றேன். "உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கின்றன. உபவேந்தர் முதலில், பீடாதிபதி இரண்டாவது, நீங்கள் ஐந்தாவது. ஒருவரும் எனக்கு அப்படி எழுதச் சொல்லவில்லை. இருபது வருஷமாக ஒருவரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. நீங்கள் உங்கள் பெயரை முதலில் எழுதி அனுப்பியிருந்தாலும் நான் ஐந்தாவதாகத்தான் போட்டிருப்பேன்."

ஒருவர் இருமினார். பீடாதிபதி நிகழ்ச்சி நிரலைத் தூக்கிப் பார்த்தார். உபவேந்தர் மட்டும் சிரித்தார். முதலாவதாக இருப்பவருக்கு அந்தச் சலுகை உண்டு.

அடுத்த புதன்கிழமை தீர்மானம் என் மேசைக்கு வந்தது. அங்கீகரிக்கப்பட்டது. இணைப் பேராசிரியர், விண்ணப்பித்த திகதியிலிருந்து. கூடவே எனக்கும் ஒரு கடிதம்: 'எதிர்காலத்தில் கூடிய கவனம் செலுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறீர்.' அடுத்த வருஷப் பதவியுயர்வு எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் பிந்தித்தான் கிடைத்தது. காரணத்துக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வரி சரியானது.

அன்றைக்கே டொக்டருக்குப் போனில் முடிவைச் சொல்லி, கந்தோருக்கு வரச் சொன்னேன். அவர் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தார். இரண்டாம் முறை வாசிக்கும்போது உட்கார்ந்தார். கோபம் அவருக்கு முழுதாகப் போயிருக்கவில்லை, அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் இருந்தது. பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் முன்னால் போய் நிற்பார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

"வீட்டில சொல்லீட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"போன்ல சொன்னனான். 'அப்ப அந்த அவுஸ்திரேலியாப் போம் எல்லாத்தையும் என்ன செய்ய?' எண்டு இவர் கேட்டார். வைச்சிரும், பின்பக்கம் வெறுமைதானே, எனக்கு எழுத உதவும் எண்டனான்." கடிதத்தை மடித்தார். "அக்கா, இனி நான் பிரிவுக்குத் தலைவர் எண்டா, ஹாபர் கிளினிக்குக்கு ஒரு வாகனம் கேக்கலாமோ?"

"இணைப் பேராசிரியருக்கு வாகனம் இல்லை. பேராசிரியருக்குத்தான்."

"பேராசிரியருக்கு எத்தினை வருஷம்?"

"ஆகக் குறைஞ்சது நாலு. அதோட அஞ்சு கட்டுரை, சர்வதேச இதழில."

அவர் விரல் விட்டு எண்ணினார். இரண்டு தயாராக இருந்ததாம், மூன்றாவதற்கு ஆட்களைப் பார்த்து முடிய இன்னும் ஒரு வருஷம்.

"அந்தப் படிவத்தை எடுங்கோ," என்றார்.

"நாலு வருஷம் இருக்கெல்லோ டொக்டர்."

"இருக்கட்டும். என்னென்ன கேக்கிறீங்கள் எண்டு இப்பவே பாத்துவைக்கிறன்."

நான் அலுமாரியைத் திறந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கைப்பைக்குள், போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். மறுநாள் வியாழக்கிழமை.